உள்ளாட்சியில் போட்டியிட எண்ணும் பெண்களுக்கு: கடலூர் மாவட்டத்திலிருந்து ஒரு வழிகாட்டி

1993 ஏப்ரல் 24 அன்று நடைமுறைக்கு வந்த 73-ஆவது அரசியலமைப்புத் திருத்தம் ஊராட்சிகளில் மூன்றில் ஒரு பங்கு இடங்களைப் பெண்களுக்கு ஒதுக்கியது. தமிழ்நாடு 2016-இல் தன் ஊராட்சிச் சட்டத்தைத் திருத்தி அதைச் சரிபாதியாக உயர்த்தியது. கடலூர் மாவட்டத்தின் 683 கிராம ஊராட்சிகளில் வார்டு உறுப்பினர்களாகவும் தலைவர்களாகவும் பெண்கள் வந்துவிட்டார்கள். ஆனால் தலைவரின் நாற்காலியில் அவருடைய கணவர் உட்கார்ந்திருப்பதும், அதிகாரிகள் அவரையே ‘தலைவர்’ என்று அழைப்பதும், பெண்ணின் வேலை கையெழுத்தோடு முடிந்துவிடுவதும் இன்னும் பல ஊர்களில் இயல்பாகவே நடக்கின்றன. அந்த நிலைக்குப் போகாமல், பதவியின் அதிகாரத்தைத் தானே கையாள விரும்பும் பெண்ணுக்காக இது எழுதப்படுகிறது. அடிப்படைக் கருத்து ஒன்றுதான்: ஊராட்சியின் அதிகாரம் அதன் காகிதங்களில் இருக்கிறது, அந்தக் காகிதங்களைப் படிக்கவும் கேட்கவும் எழுதவும் தேர்தலுக்கு இரண்டு ஆண்டுகளாவது முன்பே பழகிக்கொள்ள வேண்டும்.

கடலூர் உட்படப் பெரும்பாலான மாவட்டங்களில் 2019 டிசம்பர் 27, 30 ஆகிய நாட்களில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அதில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்து, நிர்வாகம் தனி அலுவலர்களிடம் சென்றது. தேர்தல் அறிவிப்புக்கும் மனுத்தாக்கலின் கடைசி நாளுக்கும் இடையே கிடைப்பது சில நாட்களே. அந்தச் சில நாட்களில் பெயர் தேடும்போதுதான், குடும்பத்து ஆண்கள் கூடி ‘நம் வீட்டுப் பெண்ணை நிறுத்துவோம்’ என்று முடிவெடுக்கிறார்கள். முன்பே அறியப்பட்ட பெண்ணாக நீங்கள் இருந்தால், அந்த முடிவை எடுப்பவராகவும் நீங்களே இருக்கலாம்.

குழுவிலிருந்து தொடங்குங்கள்

இந்த மாவட்டத்துப் பெண்களுக்குத் தயாராக இருக்கும் பயிற்சிக்களம் மகளிர் சுயஉதவிக் குழு. தமிழ்நாட்டில் இத்திட்டம் 1989-இல் தருமபுரியில் தொடங்கி, அடுத்த கட்டத்திலேயே, 1991-92-இல், அன்றைய தென்னாற்காடு மாவட்டத்துக்கு வந்தது. ஆகவே கடலூர்ப் பக்கத்தில் தாயும் மகளும் குழுவில் இருந்த வீடுகள் உண்டு. ஊக்குநராகவோ பிரதிநிதியாகவோ இருந்த ஒருவருக்குத் தீர்மானப் புத்தகம் எழுதுவது, வரவு செலவை மாதந்தோறும் கூட்டிக் காட்டுவது, வங்கி மேலாளரின் முன் உட்கார்ந்து பேசுவது, தவணை கட்டாத உறுப்பினரிடம் பகை வராமல் பணம் வாங்குவது ஆகியவை ஏற்கெனவே கைவந்திருக்கும். ஊராட்சித் தலைவரின் வேலையில் பெரும்பகுதி இவைதான். குழுவில் இருந்தும் புத்தகத்தைத் தொடாதவராக இருந்தால், அடுத்த கூட்டத்திலேயே புத்தகம் எழுதும் பொறுப்பைக் கேட்டு வாங்குங்கள். ஆண்டுக்கணக்கில் ஒரே ஆள் எழுதிவரும் குழுவில் இதைக் கேட்பதற்கே துணிவு வேண்டியிருக்கும்.

அடுத்த படி, ஊராட்சி அளவிலான கூட்டமைப்பு. எல்லாக் குழுக்களின் பிரதிநிதிகளும் கூடும் அந்த இடத்தில்தான் காலனியும் ஊரும் ஒரே பாயில் உட்காருகின்றன. அங்கே ஆண்டுதோறும் தயாரிக்கப்படும் கிராம வறுமை ஒழிப்புத் திட்டம், ஊராட்சியின் வளர்ச்சித் திட்டத்தோடு இணைக்கப்படுவதற்காகக் கிராம சபையின் முன் வைக்கப்படுகிறது. அதைத் தயாரிக்கும் கூட்டங்களில் உட்கார்ந்தால், எந்தத் தெருவில் எத்தனை வீட்டுக்கு முதியோர் ஓய்வூதியம் வரவில்லை, எந்த வீட்டில் குடிநீர் இணைப்பு இல்லை என்ற பட்டியல் உங்கள் கையால் எழுதப்பட்டதாக இருக்கும். வாக்குக் கேட்கப் போகும் நாளில் இந்தப் பட்டியலைத் தெரிந்து வைத்திருப்பதைவிட வலுவான பிரசாரம் வேறில்லை என்பது என் உறுதியான கருத்து.

கிராம சபையில் பேசக் கற்றல்

ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள ஒவ்வொருவரும் கிராம சபையின் உறுப்பினர். அதற்கு எவர் அழைப்பும் தேவையில்லை. 2022 முதல் தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு நாட்கள் இது கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. கூட்டம் செல்லுபடியாகக் குறைந்தபட்ச வருகையும் வரையறுக்கப்பட்டுள்ளது. மக்கள் தொகை 500 வரை உள்ள ஊராட்சியில் 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர் வர வேண்டும்.

அந்த எண்ணிக்கை எப்படி நிறைகிறது என்பதை அருகிலிருந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். கோயில் வாசலிலோ பள்ளித் திண்ணையிலோ பந்தல் போட்டிருக்கும். கூட்டம் தொடங்குமுன்பே நீளமான நோட்டு ஒன்று பெண்கள் வரிசையில் கைமாறும். வேலைக்குப் போகும் அவசரத்தில் பெண்கள் கையெழுத்தோ கைநாட்டோ வைத்துவிட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கிளம்புவார்கள். பிறகு செயலாளர் வரவு செலவை ஒரே மூச்சில் படிப்பார். தீர்மானங்கள் பதிவேட்டில் எப்போது எழுதப்பட்டன என்பது பலருக்கும் தெரியாது. வருகைக்கான கையெழுத்து, தீர்மானத்துக்கான ஒப்புதலாகவும் நின்றுவிடுகிறது. ஆகவே முதலில் பழக வேண்டியது, முடியும்வரை உட்கார்ந்திருப்பது. பத்துப் பெண்கள் சேர்ந்து, தீர்மானம் எழுதப்பட்டு வாசிக்கப்படும்வரை எழுந்திருப்பதில்லை என்று முடிவு செய்தால், வாசித்தே ஆக வேண்டிய நிலை வந்துவிடும். வாசித்த பக்கத்தைக் கைபேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

பேச எழும்போது குறையைச் சொல்லி உட்கார்ந்துவிடாதீர்கள். ‘தண்ணீர் சரியாக வரவில்லை’ என்பது குறை. அது காற்றில் போய்விடும். தீர்மானமாக எழுதிக் கொண்டு போக வேண்டும். கூட்டத்துக்குச் சில நாட்கள் முன்பே ஊராட்சி அலுவலகத்தில் மனுவாகக் கொடுத்து, நகலில் தேதியோடு ஒப்புகைக் கையெழுத்து வாங்குங்கள். வாசகம் இவ்வாறு இருக்கலாம்: “கிழக்குத் தெருவில் உள்ள வீடுகளுக்கு மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டியிலிருந்து வரும் குழாயில் கடந்த மூன்று மாதங்களாகக் காலையில் அரை மணி நேரத்துக்கு மேல் தண்ணீர் வருவதில்லை. குழாயைச் சீர்செய்வதற்கான மதிப்பீட்டைத் தயாரித்து, நிதிக்குழு மானியத்தில் குடிநீருக்கென ஒதுக்கப்பட்ட தொகையிலிருந்து பணியை மேற்கொள்ளவும், பணி முடிந்த விவரத்தை அடுத்த கிராம சபையில் வைக்கவும் இந்தச் சபை தீர்மானிக்கிறது.” இடம், கால அளவு, கோரும் பணி, பணம் வரும் வழி, பதில் சொல்ல வேண்டிய நாள் ஆகிய ஐந்தும் இதில் உள்ளன. மத்திய வரிப் பணத்தைப் பங்கிடப் பரிந்துரைக்கும் நிதிக்குழுக்களில் 15-ஆவது, 2021-22 முதல் கிராம ஊராட்சிகளுக்கு அளித்த மானியத்தில் 60 விழுக்காடு குடிநீருக்கும் துப்புரவுக்கும் என்றே கட்டப்பட்டிருந்தது. இதைத் தெரிந்துகொண்டு பேசும் பெண்ணிடம் ‘நிதி இல்லை’ என்று சொல்வது எளிதல்ல.

காகிதம் கேட்பது

சபையில் கிடைக்காத விவரத்தைத் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005-இன் கீழ் கேட்கலாம். தமிழ்நாட்டில் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, வெள்ளைத் தாளில் எழுதினால் போதும்; வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளவர்களுக்குக் கட்டணம் இல்லை. முப்பது நாட்களுக்குள் பதில் வர வேண்டும். வராவிட்டால் அதே துறையின் மேல் அலுவலருக்கு முதல் மேல்முறையீடு செய்யலாம். ஒன்றிய அலுவலகத்தில் இரண்டு வட்டார வளர்ச்சி அலுவலர்கள் இருப்பார்கள் என்பதைப் பலர் அறிவதில்லை. ஒருவர் வட்டார ஊராட்சிக்கு, மற்றவர் கிராம ஊராட்சிகளுக்கு. உங்கள் ஊர்ப் பணி பற்றிய மனுவை இரண்டாமவருக்கு முகவரியிடுங்கள்.

‘ஊராட்சியின் எல்லாக் கணக்கையும் தருக’ என்று எழுதாதீர்கள்; அது தட்டிக் கழிக்க வசதியான கேள்வி. ஒரு தெரு, ஒரு சாலை, ஓர் ஆண்டு என்று சுருக்கி, அந்தப் பணியின் மதிப்பீடு, செய்து முடித்த வேலையை அளந்து எழுதும் அளவுப் புத்தகத்தின் பக்கம், பணம் பட்டுவாடா செய்த பற்றுச்சீட்டு ஆகிய மூன்றின் நகலைக் கேளுங்கள். அவற்றை அருகருகே வைத்து, தெருவில் போய் நாடா பிடித்து அளந்து பார்த்தால், எந்த வகுப்பிலும் கிடைக்காத பாடம் கிடைக்கும். கண்டுபிடித்ததை உடனே சண்டையாக்க வேண்டியதில்லை. பதவிக்கு வந்த பிறகு இதே காகிதங்களில்தான் உங்கள் கையெழுத்து விழப்போகிறது என்பதால், இவற்றைப் படிக்கத் தெரிவதே முதல் பயன்.

தென்பெண்ணையாற்றைக் கடந்து புதுச்சேரியின் பாகூர், நெட்டப்பாக்கம் பக்கம் இருப்பவர்களுக்கு இந்த வழி வேறாக இருக்கிறது. புதுச்சேரியில் 1968-க்குப் பிறகு உள்ளாட்சித் தேர்தல் நடந்ததே 2006-இல்தான். அந்தப் பதவிக்காலம் 2011-இல் முடிந்த பின், அங்குள்ள ஊரக உள்ளாட்சிகளான கொம்யூன் பஞ்சாயத்துகள் ஆணையர்களின் கையிலேயே நீண்ட காலம் இருந்துவருகின்றன. அங்குள்ள பெண்கள் குழுக்களுக்கு நான் சொல்லக்கூடியது, மனுக்களையும் தகவல் கோரிக்கைகளையும் கொம்யூன் ஆணையர் அலுவலகத்தில் தொடர்ந்து பதிவு செய்வதோடு, தேர்தல் நடத்தக் கோருவதையும் தங்கள் சங்கங்களின் நிலையான கோரிக்கையாக வைத்துக்கொள்வது.

தனி அமைப்பு தேவையா?

ஊர் வேலை செய்யத் தொடங்கியதும் ‘ஒரு டிரஸ்ட் பதிவு செய்துவிடலாமே’ என்று யாராவது சொல்வார்கள். அவசரப்பட வேண்டாம். ஊராட்சியிடம் கேட்பதற்கும் கிராம சபையில் பேசுவதற்கும் குழுவும் கூட்டமைப்பும் போதும். வெளியிலிருந்து நன்கொடை பெறவோ, அமைப்பின் பெயரில் சொத்து வைத்துக்கொள்ளவோ தேவை வரும்போது பதிவு செய்யலாம். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன்படி குறைந்தது ஏழு உறுப்பினர்கள் சேர்ந்து, சட்டதிட்டங்கள் எழுதி, மாவட்டப் பதிவாளரிடம் பதிவு செய்ய வேண்டும்; பிறகு ஆண்டுதோறும் பொதுக்குழு கூட்டி, தணிக்கை செய்த கணக்கையும் நிர்வாகிகள் பட்டியலையும் தாக்கல் செய்துவர வேண்டும். பதிவு செய்த உற்சாகத்தோடு நின்று, இந்த ஆண்டுக் கடமையை விட்டுவிட்ட சங்கங்கள் பின்னால் படும் தொல்லை பெரிது.

அமைப்பில் இருந்துகொண்டே தேர்தலில் நிற்பவர் ஓர் எல்லைக்கோட்டை மதிக்க வேண்டும். குழுவின் சேமிப்பு, சுழல்நிதி, நன்கொடை ஆகியவற்றிலிருந்து ஒரு ரூபாயும் தேர்தலுக்கு எடுக்கக் கூடாது. தேர்தல் வேட்பாளர் வெளிநாட்டு நிதி பெறுவதைச் சட்டமே தடுக்கிறது. சங்கத்தின் பொறுப்பில் இருந்தால் மனுத்தாக்கலுக்கு முன் எழுத்துமூலம் விலகி, கணக்கை ஒப்படைத்து, அந்தத் தீர்மானத்தின் நகலை வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. எதிர்த் தரப்பு முதலில் கை வைக்கும் இடம் அதுதான்.

ஊர்ப் பஞ்சாயத்தும் குடும்பமும்

தேவனாம்பட்டினம் முதல் பரங்கிப்பேட்டை வரையிலான கடற்கரை ஊர்களில், அரசு ஊராட்சிக்கு அப்பால், மீனவர்களின் ஊர்ப் பஞ்சாயத்து என்று வேறொன்று இருக்கிறது. வழக்கமாக அதில் ஆண்கள் மட்டுமே அமர்வார்கள். கடலுக்குப் போகும் ஒழுங்கையும் ஊர்த் தகராறுகளையும் அது பார்த்துக்கொள்கிறது; அதன் பயனை மறுப்பதற்கில்லை. ஆனால் 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு நிவாரணப் பட்டியல்கள் அதன் வழியாகவே போன ஊர்களில், ஆண் துணையில்லாத பெண்களும் தலைச்சுமையாக மீன் விற்கும் பெண்களும் விடுபட்டுப் போனதுண்டு. அத்தகைய ஊரில் போட்டியிடும் பெண், ஊர்ப் பஞ்சாயத்தாரை முன்கூட்டியே நேரில் சந்தித்துத் தன் எண்ணத்தைச் சொல்லிவிட வேண்டும். அனுமதி கேட்கும் தொனி வேண்டாம். தகவல் சொல்லும் மரியாதை போதும். உடன் இரண்டு மூத்த பெண்களை, மீன் சந்தையில் குரல் உள்ளவர்களை, அழைத்துப் போங்கள்.

ஏலத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 2019 தேர்தலின்போது பண்ருட்டி வட்டாரத்து ஊர் ஒன்றில் தலைவர் பதவி ஏலம் விடப்பட்டதாகச் செய்தி வெளியாகி, மாவட்ட நிர்வாகம் விசாரணைக்கு உத்தரவிட்டது. பணம் கோயிலுக்குப் போகிறது என்று சொல்லி இதை நியாயப்படுத்துவார்கள். ஏலத்தில் எடுத்த பதவிக்குப் போட்ட பணத்தைத் திரும்ப எடுப்பதே முதல் வேலையாகிவிடும். ஏலம் கேட்கப் பணமுள்ள பெண்கள் ஊரில் எத்தனை பேர்? போட்டியிடுவதைத் தடுத்தால் மாநிலத் தேர்தல் ஆணையத்துக்கும் மாவட்டத் தேர்தல் அலுவலரான ஆட்சியருக்கும் எழுத்துமூலம் புகார் கொடுக்கலாம்.

வீட்டில் ‘நம் பக்கத்துப் பெண்கள் அரசியலுக்குப் போனதில்லை’ என்று சொன்னால், கடலூர் முதுநகரில் 1890-இல் பிறந்த அஞ்சலை அம்மாளைச் சொல்லுங்கள். 1927-இல் சென்னையில் ஆங்கிலேயப் படை அதிகாரி நீலின் சிலையை அகற்றும் போராட்டத்தில் கலந்து சிறை சென்ற அவர், 1937 தேர்தலில் வென்று சட்டமன்றத்துக்குப் போனார். கடலூர் மாநகராட்சியான பிறகு 2022-இல் நடந்த முதல் தேர்தலில் மேயராக வந்தவரும் பெண்தான்.

வேட்புமனு

வயது 21 நிறைந்திருக்க வேண்டும். அந்த ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும். பட்டியல் வெளியிடப்பட்டதும் உங்கள் பெயர், தந்தை அல்லது கணவர் பெயர், வார்டு எண் ஆகியவற்றை எழுத்துப் பிழையின்றிச் சரிபாருங்கள். திருமணமாகி வந்த பெண்களின் பெயர் பிறந்த ஊரிலேயே தங்கிவிடுவது அடிக்கடி நடக்கிறது. ஊராட்சியில் சம்பளம் பெறுபவரும் ஊராட்சியோடு ஒப்பந்தம் வைத்திருப்பவரும் போட்டியிட முடியாது. வீட்டு வரி, குடிநீர்க் கட்டணம் ஆகியவற்றை நிலுவையின்றிக் கட்டி, ரசீதுகளைப் பத்திரப்படுத்துங்கள். ஒதுக்கீட்டு இடமானால் சாதிச் சான்றிதழ் தேவை. சொத்து, கடன், வழக்கு, கல்வி பற்றிய உறுதிமொழியில் எந்தக் கட்டத்தையும் வெறுமையாக விடாமல், இல்லாதவற்றுக்கு ‘இல்லை’ என்று எழுதுங்கள்.

பொதுப் பிரிவு இடத்திலும் பெண்கள் போட்டியிடலாம் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ‘இந்த முறை நம் வார்டு பொது, ஆகவே ஆண்களுக்கு’ என்று ஊரில் பேசுவதற்குச் சட்டத்தில் எந்த ஆதாரமும் இல்லை.

2019-இல் வார்டு உறுப்பினருக்கு வைப்புத்தொகை 200 ரூபாய், ஊராட்சித் தலைவருக்கும் ஒன்றியக் கவுன்சிலருக்கும் 600 ரூபாய், மாவட்டக் கவுன்சிலருக்கு 1,000 ரூபாய். பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் இதில் பாதி. வார்டு உறுப்பினர், ஊராட்சித் தலைவர் ஆகிய இரண்டும் கட்சிச் சின்னம் இல்லாத பதவிகள்; மற்ற இரண்டும் கட்சி அடிப்படையில் நடப்பவை. முதல் முறை நிற்பவருக்கு வார்டு உறுப்பினர் பதவியே என் பரிந்துரை. செலவு குறைவு, ஒவ்வொரு வீட்டையும் நேரில் பார்த்துவிடலாம், துணைத் தலைவரைத் தேர்ந்தெடுப்பவர்களும் அந்த உறுப்பினர்கள்தான். ஊரகத் தேர்தலில் ஒவ்வொரு பதவிக்கும் தனி நிற வாக்குச்சீட்டு உண்டு; தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றியக் கவுன்சிலருக்குப் பச்சை, மாவட்டக் கவுன்சிலருக்கு மஞ்சள். எழுதப் படிக்கத் தெரியாத வாக்காளரிடம் உங்கள் சின்னத்தோடு சீட்டின் நிறத்தையும் சேர்த்துச் சொல்லிக் கொடுங்கள்.

பதவியேற்ற பின்

வென்ற பிறகு முதல் வேலை, பதிவேடுகளைப் பட்டியலிட்டுப் பெற்றுக்கொள்வது: தீர்மானப் புத்தகம், ரொக்கப் புத்தகம், வரி கேட்புப் பதிவேடு, சொத்துப் பதிவேடு, வங்கிக் கணக்கு இருப்பு. பணம் எடுக்கத் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து ஒப்பமிட வேண்டும். இணையவழிப் பட்டுவாடாவுக்கு மின்னணுக் கையொப்பச் சாதனம் தருவார்கள். அந்தச் சாதனமும் அதன் கடவுச்சொல்லும் உங்கள் பையில் இருக்க வேண்டும். கணவரிடமோ செயலாளரிடமோ ஒப்பந்ததாரரிடமோ இருக்கக் கூடாது. உங்கள் பெயரில் போகும் ஒவ்வொரு ரூபாய்க்கும் சட்டத்தின் முன் நீங்களே பொறுப்பு. நிரப்பாத தாளில் ஒருபோதும் கையெழுத்திடாதீர்கள். புரியாத கோப்பை ‘நாளை பார்த்துவிட்டுத் தருகிறேன்’ என்று வீட்டுக்கு எடுத்துப் போக உங்களுக்கு முழு உரிமை உண்டு.

துணைத் தலைவர் ஒப்பமிட மறுத்து நிர்வாகத்தையே முடக்குவது, குறிப்பாகப் பட்டியல் சாதிப் பெண் தலைவர்களுக்கு எதிராக, அடிக்கடி கையாளப்படும் வழி. அப்படி நடந்தால் எந்தப் பணப் பட்டியல், எந்தத் தேதி, என்ன காரணம் சொன்னார் என்பதை எழுதி ஆட்சியருக்கு அனுப்புங்கள். மாற்று ஏற்பாடு செய்ய அவருக்குச் சட்டத்தில் அதிகாரம் உண்டு. தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தின் 205-ஆம் பிரிவின் கீழ் உங்களுக்கே விளக்கம் கேட்டு அறிவிப்பு வந்தால், அது தலைவரைப் பதவி நீக்கும் நடவடிக்கையின் முதல் படி என்று அறிந்து, குறித்த நாளுக்குள் ஆவணங்களோடு எழுத்தில் பதில் கொடுங்கள்.

புவனகிரி ஒன்றியத்தின் தெற்குத் திட்டை ஊராட்சியில், பட்டியல் சாதியைச் சேர்ந்த பெண் தலைவர் கூட்டத்தில் தரையில் உட்கார வைக்கப்பட்டிருந்த படம் 2020 அக்டோபரில் வெளியே வந்தது. மற்றவர்கள் நாற்காலியில் இருந்தார்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் வழக்குப் பதிவானது. ஊராட்சிச் செயலாளர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். அந்தப் படம் ஒன்றே அத்தனையையும் அசைத்தது. ஆகவே நாற்காலி, கொடியேற்றம், அலுவலகச் சாவி, பெயர்ப்பலகை ஆகியவற்றில் எது மறுக்கப்பட்டாலும் அதைச் சிறு விஷயமாக விட்டுவிடாமல், அன்றே படமும் தேதியும் சாட்சிகளின் பெயர்களும் பதிவு செய்து, காவல் நிலையத்திலும் ஆட்சியரகத்திலும் புகார் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். தனியாகப் போக வேண்டாம். குழுப் பெண்கள் உடன் வரட்டும்.

தோற்றவர்களுக்கும் ஒரு கடமை மீதமிருக்கிறது. வென்றவரைப் போலவே தோற்ற வேட்பாளரும் முடிவு அறிவிக்கப்பட்ட 30 நாட்களுக்குள் தேர்தல் செலவுக் கணக்கைத் தாக்கல் செய்ய வேண்டும். தவறினால் அடுத்த தேர்தலில் நிற்கும் தகுதியே போய்விடலாம். துண்டறிக்கை அச்சிட்டது, ஆட்டோ வாடகை, தேநீர்ச் செலவு ஆகியவற்றின் ரசீதுகளை மனுத்தாக்கல் நாளிலிருந்தே ஓர் உறையில் போட்டுவைத்து, கணக்கை ஒப்படைத்த பின் ஒப்புகைச் சீட்டை வாக்காளர் அட்டையோடு பத்திரப்படுத்துங்கள்.